ஏணிக்கு ஓட்டுக் கேட்டவர்

மலையாண்டியின் தலை தெரிந்தாலே சனங்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகர் அவர். குளத்தூரிலிருந்து கொடும்பாளூர் வரை அவர் கால் படாத வண்டிப்பாதை கிடையாது.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. புதுக்கோட்டை, திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையாகிப் போனது. மலையாண்டிக்கு வேலை போயிற்று. குடுமியான்மலைக்குப் பக்கத்தில் இருந்த மானாவாரிக் காட்டை உழுதார். வானம் ஏமாற்றியது.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் ரெங்கராஜ் 'சீமைக் கட்சி' ஆரம்பித்தார். புதுக்கோட்டை தனி ஜில்லாவாக வேண்டும். அதை டில்லிவரை போய்க் கேட்க நம்மவர் ஒருவர் வேண்டும். இவ்வளவுதான் கட்சியின் கொள்கை. மலையாண்டிக்கு அது நெஞ்சில் தைத்தது. ஐம்பத்திரண்டு பார்லிமெண்ட் தேர்தலில் வக்கீலே நின்றார். சின்னம் ஏணி. அப்போதெல்லாம் நிற்கிற ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனி ஓட்டுப் பெட்டி. எந்த வீடுகளுக்குச் சம்மனோடு போனாரோ அதே வீடுகளுக்கு ஓட்டுக் கேட்டு நடந்தார் மலையாண்டி. முதலில் சிரித்தார்கள். பிறகு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள்.

ராக்கன் என்கிற குத்தகைக்காரன்தான் அவருக்கு முதலில் துணை நின்றவன். ராக்கன் உழுத வயல் ஊர்த் தலைவரான அம்பலகாரருடையது. அம்பலகாரர், ஆட்சியிலிருந்த பெரிய கட்சியின் ஆள். "ஏணிக்குப் போடுறவன் என் வயல்ல கால் வைக்கப்படாது" என்று அவர் சொல்லியனுப்பியும் ராக்கன் பின்வாங்கவில்லை.

ஓட்டுக்கு முதல் நாள் ரெங்கராஜ் பெரிய கட்சியில் சேர்ந்துவிட்டார். கேள்விப்பட்டு மலையாண்டி டவுனுக்கு ஓடினார்.

"வக்கீலய்யா, பொட்டியில ஏணிப் படம் ஒட்டியாச்சே! நாளைக்குச் சனம் வந்து நிக்குமே!"

"பேரை வாபஸ் வாங்குற கெடு முடிஞ்சு போச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள இருந்துதான் எதையும் சாதிக்க முடியும், மலையாண்டி. நீ வீட்டுக்குப் போ."

மலையாண்டி வீட்டுக்குப் போகவில்லை. விடிந்ததும் ஓட்டுச்சாவடிக்குப் போகும் பாதையில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னார். ராக்கன் தன் தெருச் சனத்தோடு வந்தான்.

"ஏணிக்குப் போடாதீங்கப்பா. வக்கீலு அங்கிட்டுப் போயிட்டாரு."

ராக்கன் துண்டை உதறித் தோளில் போட்டான். "வக்கீலுக்காகவாண்ணே இம்புட்டுத் தூரம் வந்தோம்? ஒங்களுக்குச் சொன்ன சொல்லு இருக்குல்ல. போட்டுட்டு வாரோம்."

கையைப் பிடித்து இழுத்துத் தடுத்திருக்கலாம். மலையாண்டிக்கு மனசு வரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அவர் நெஞ்சு குளிர்ந்து போயிருந்தது.

ஏணி தோற்றது. எந்தச் சாவடியில் ஏணிப் பெட்டிக்குச் சீட்டு விழுந்தது என்பது பெட்டிகளை எண்ணும்போதே வெளியே தெரிந்துபோயிற்று. நாற்றுப் பாவியிருந்த வயலை அம்பலகாரர் ராக்கனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். மலையாண்டி வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றார். ஐயா திருச்சியில் இருக்கிறார் என்றார்கள்.

தன் மானாவாரிக் காட்டில் பாதியை ராக்கனுக்கு விட்டுக்கொடுத்தார். அவர் மனைவி அழகி, "நமக்கே கஞ்சியில்ல" என்று அழுதாள். அந்த வருஷமும் மழை பெய்யவில்லை. விதைத்தது முளையிலேயே கருகிற்று. ராக்கன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போனான்.

மலையாண்டி அதன்பிறகு எந்தத் தேர்தலிலும் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. தனி ஜில்லா என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார்.

அறுபத்திரண்டில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ராக்கனின் மனைவி ராக்காயியைப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"காமாலை வந்து போயிட்டாருண்ணே. அறுப்புக்குப் போன எடத்துல. இங்க கொண்டாரக்கூட முடியல."

"என்னையப் பத்தி..."

"கடைசி வரைக்கும் அவரு ஒங்களக் கொறை சொல்லல." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "நான் சொல்லிக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

அவள் பஸ் ஏறிப் போனாள். அன்று மலையாண்டி ஊர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காசு இருந்தும் நடந்தே வந்திருந்தார்.