கோட்டுக்கு வெளியே அறுத்தவள்

ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒரு பெண், அண்ணனும் தங்கையும் வேலை பார்க்கும் கிடார் ரிப்பேர் கடைக்குப் புதுக் கிடாரோடு வந்தாள். விரல் நுனியெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. "எனக்கெல்லாம் இது வராது போல" என்றாள். தங்கை கிடாரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் அரைமணியில் திரும்பினாள். "தூசி அடைச்சிருந்துச்சுக்கா, துடைச்சிட்டேன். இப்ப வாசிங்க." கம்பிகள் எக்கச்சக்க உயரத்தில் நின்றதை, அவற்றை இறக்கியதை, அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஏமாந்து வாங்கியது தெரிந்தால் அந்த மனசு நோகும் அல்லவா?

அண்ணனுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "தூசியாம்! கம்பியை இறக்கினோம்னு சொல்லியிருந்தா அந்தப் பேராவது கடைக்கு வந்திருக்கும்ல?"

கடை அவருடையது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும், "தங்கச்சி அளந்தாங்களா?" என்றே கேட்டார்கள். காரணம், அவள் செய்த சின்ன அளவுகோல். சாதாரண இரும்பு ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் வெறும் ஓரம் கொஞ்சம் இருக்கும். கம்பிக்கும் அதன் அடியில் குறுக்கே ஓடும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைக்கும் நடுவே இருப்பதோ இரண்டு மில்லிமீட்டர். அந்த ஓரத்தை வைத்துக்கொண்டு எதை அளப்பது? அவள் பூஜ்யக் கோட்டுக்கு வெளியே அறுத்து, மீதியைச் சாணைக்கல்லில் இரண்டு நாள் தேய்த்து, கோட்டை விளிம்பிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இதுக்கு ரெண்டு நாளா? பெரிய இன்ஜினியர் அம்மா!" என்று அண்ணன் இன்னொரு ஸ்கேலை எடுத்தார். கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்தார். பத்தே நிமிஷம். ரம்பம் தன் தடிமனுக்கும் இரும்பைத் தின்னும் என்பது கோபத்தில் அவருக்கு நினைவில்லை. அரை மில்லி போய்விட்டது.

அதை வைத்துத்தான் பாட்டு டீச்சரின் கிடாரை அளந்தார். இரண்டு இருந்த இடத்தில் இரண்டரை காட்டியது. கம்பி உயரம் என்று நினைத்து, அவை உட்காரும் எலும்புத் துண்டைத் தேய்த்து இறக்கினார். மறுநாளே டீச்சர் திரும்பி வந்தார். எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஃப்ரெட்டில் மோதி வண்டு மாதிரி இரைந்தது.

"நாளைக்குக் கச்சேரி! யார் கை வச்சது இதுல?"

அண்ணன் தங்கை பக்கம் கையைக் காட்டினார். "தங்கச்சிதான் டீச்சர். அவ அளந்தா சரியா இருக்கும்னு நம்பிட்டேன்."

தங்கை தன் அளவுகோலையும் அண்ணன் அறுத்ததையும் எடுத்தாள். இரண்டு அளவுகோலையும் மேசைக் கண்ணாடிமேல் பக்கம் பக்கமாக நிறுத்தினாள். கோடுகள் சேரவில்லை. டீச்சர் குனிந்து பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தங்கைமேல் பாய்ந்தார்.

"வெளியாளுக்கு முன்னால என்னை அசிங்கப்படுத்துறியா?"

"அளந்துதானே காட்டினேன்."

தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. சாயங்காலம்வரை உட்கார்ந்து புது எலும்பு செதுக்கிப் பொருத்தி, கிடாரை டீச்சர் கையில் கொடுத்தனுப்பினாள். அப்புறம் தன் அரங்களைத் துணியில் சுருட்டினாள். "போறவ போ! நீ இல்லேன்னா கடை மூடிடுமா?" என்று அண்ணன் கத்தினார். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் நின்றிருப்பாள். ஆண்டவன் நாக்கைக் கொடுத்தது அதற்கும்தான், அவருக்கு வரவில்லை.

வேறு ஊரில் அவள் கடை போட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வாசற்படியில் நின்று அவள் சொன்னதுதான் கடைசி:

"அளவு யாருக்கும் தப்பும்ணா, அதுக்காகப் போகல. அந்த ஸ்கேலைத் தூக்கிப் போடு. மனசில்லேன்னா அரை மில்லி கழிச்சுப் படி. ஆனா இனிமே நீ செஞ்சதுக்கு என் பேரைச் சொல்லாத."