காவேரி என்ற பெயரில் தைத்தவள்

ஒரகடத்தில் தையல் டீச்சர் லீலாவைப் பற்றி யாரைக் கேட்டாலும், "நல்ல பொம்பள, வம்புதும்புக்குப் போவாது" என்பார்கள். அதற்குமேல் சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது. ஆனால் அவளும் ஒரு தடவை போனாள். அது தொண்ணூற்றொன்றாம் வருஷம்.

லீலா பத்தாம் வகுப்பு முடித்தவள். தையலில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் எழுதி அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழ் வாங்கியவள். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் அந்தச் சான்றிதழ் பெட்டியின் அடியில் கிடந்தது. புருஷன் புருஷோத்தமன் பக்கத்து வார்ப்படக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அப்போது அந்தப் பக்கம் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் நெல் வயலும் சவுக்குத் தோப்பும்தான்.

அந்தக் கம்பெனிக்குத் திடீரென்று ஊர்மேல் பாசம் வந்தது. சுற்றியுள்ள ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருப்பதாக போர்டு வைத்தார்கள். தத்துப் போன சங்கதி கிராமங்களுக்கே போர்டைப் பார்த்துத்தான் தெரியும். குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம், கண் பரிசோதனை, அப்புறம் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் பயிற்சி. அதற்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்தது. புருஷோத்தமன் வெல்ஃபேர் ஆபீசர் இராமச்சந்திரனிடம் போய்ச் சொல்ல, பெட்டியின் அடியில் இருந்த சான்றிதழுக்கு மறுபடி உயிர் வந்தது.

இராமச்சந்திரன் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருக்கிறவர்களுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டியவர், அவ்வளவுதான். அவருக்குப் பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டு பெண்கள். ஒன்று குறைந்தாலும் திட்டத்தைப் படப்பைப் பக்கம் மாற்றிவிடுவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். பெண்கள் தத்தெடுத்த கிராமத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

ஜனவரியில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசிப் பெயர் சேரப்பணஞ்சேரி கண்ணப்பன் மகள் காவேரி. அந்தப் பெண் பெயர் கொடுத்ததோடு சரி. தை மாதம் முடிவதற்குள் அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது மிஷின் உறை போட்டபடி நின்றது. வெள்ளிக்கிழமை தலை எண்ண வருவதாக இராமச்சந்திரன் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம்தான் யோகராணி வந்தாள். வந்தது படிக்க அல்ல. அவளும் அம்மா ராஜம்மாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அகதி முகாமில் இடம் கிடைக்காமல், போலீசில் பதிந்துவிட்டு, மலையடிவாரத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி பிடித்துப் பிடித்து ராஜம்மாவின் விரல்கள் வெடித்துப்போயிருந்தன. சுற்றிக் கட்டுவதற்குத் துண்டுத் துணி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு யோகராணி வாசலில் நின்றாள். பத்தொன்பது வயது இருக்கும்.

லீலா கை நிறைய வெட்டுத் துணியை அள்ளிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் போகாமல், ஜன்னலோரத்து மிஷினையே பார்த்தாள்.

"டீச்சர், அதிலே கீழ்நூல் இறுகிப் போய்க் கிடக்கு. அதான் துணி சுருங்குது."

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே வந்து பாபின் பெட்டியைக் கழற்றி, நகத்தாலேயே திருகாணியை இம்மியளவு தளர்த்தி மாட்டினாள். தையல் தண்ணீர் மாதிரி ஓடியது. வீட்டில் மிஷின் இருந்ததாம். அதைக் கிணற்றடியில் சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்தார்களாம்.

"நாளையிலேர்ந்து வரியா?" என்று லீலா கேட்டுவிட்டாள். "ஆனா பேரு கூப்பிட்டா, காவேரின்னு கூப்பிடுவேன். உள்ளேன்னு சொல்லணும்."

இதைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய மோசடியாகப் படலாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்படிப் படாது. புருஷோத்தமனே கம்பெனியில் முதல் இரண்டு வருஷம் நடேசன் என்பவனுடைய டோக்கனில்தான் வேலை செய்தான். நடேசன் வேலை பிடிக்காமல் ஊருக்குப் போய்விட்டான். டோக்கனை மேஸ்திரி இவன் கையில் கொடுத்தார். சூப்பர்வைசர் "டேய் நடேசா" என்று கத்தினால் இவன் திரும்புவான். மேஸ்திரிக்குத் தலை சரியாக இருக்கவேண்டும், யார் தலை என்பது அவர் கவலை இல்லை. இப்படித்தான் பாதிப் பேர் உள்ளே போனார்கள். லீலாவுக்கு இது பொய்யாகவே தோன்றவில்லை. காலியான இடத்தில் ஆள் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

நாலு மாதம் யோகராணி காவேரியாக வந்தாள். "ஓம் டீச்சர்" என்று வாயில் வந்துவிடும், உடனே "ஆமா டீச்சர்" என்று திருத்திக்கொள்வாள். மற்றப் பெண்கள் பதினோரு பேருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பட்டன் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிளவுஸ் கழுத்தை அவள் வெட்டினால் இரண்டாவது தடவை அளவு பார்க்க வேண்டியதில்லை. மேற்பார்வைக்கு வந்த இராமச்சந்திரன் அவள் தைத்த சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பேரு என்னம்மா? காவேரியா? பிரமாதம்" என்றார். கோர்ஸ் முடிந்ததும் ஒவ்வொருத்திக்கும் ஒரு மிஷினும் சான்றிதழும் உண்டு. மிஷின் வந்தால் அம்மாவை ஜல்லிக்கு அனுப்பமாட்டேன் என்று யோகராணி லீலாவிடம் சொல்லியிருந்தாள். அவள் வேண்டியது அது ஒன்றுதான்.

மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரோடெல்லாம் போலீஸ். பஸ்ஸில் ஏறினால் பெயர், ஊர், அப்பன் பெயர். சிலோன்காரர்கள் என்றால் வீடு கொடுத்தவனே கதவைச் சாத்தினான். கம்பெனிகளில் வெளியாட்கள் பட்டியல் கேட்டார்கள். இராமச்சந்திரன் லீலாவைக் கூப்பிட்டு, "நம்ம சென்டர்ல வெளியாள் யாரும் இல்லையேம்மா?" என்றார்.

"இல்ல சார்."

அந்தப் பதில் லீலாவுக்குச் சுலபமாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"அந்தப் பொண்ண நிறுத்திடு," என்றான் அவன். "கோர்ஸ் முடிய இன்னும் ரெண்டு மாசம் கீது. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

நிறுத்தலாம் என்றுதான் மறுநாள் போனாள். யோகராணி அவளுக்கு முன்னால் வந்து கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். லீலா ரிஜிஸ்டரை எடுத்துக் காவேரி வரைக்கும் பெயர் கூப்பிட்டாள்.

ஜூன் மாதம் போலீஸ் பயிற்சிப் பெண்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்தது. சேரப்பணஞ்சேரியில் கண்ணப்பன் வெள்ளையாகச் சொல்லிவிட்டான்: "எம்பொண்ணா? அத அரக்கோணத்துல கட்டிக் குடுத்து நாலு மாசம் ஆவுது சார்." அன்று மத்தியானமே ஜீப் பயிற்சி நிலையத்து வாசலில் நின்றது.

இராமச்சந்திரனின் அறைக்கு லீலா, யோகராணி இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ காவேரியா?"

"இல்லை ஐயா. யோகராணி. மன்னார்."

"அப்போ இந்தப் பேருல எப்படி வந்த?"

நான்தான் உட்கார வைத்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று லீலா நினைத்தாள். அது சத்தியம். வாக்கியம்கூட மனசில் தயாராக இருந்தது. அதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

"நான்தான் காவேரி எண்டு பொய் சொல்லிச் சேர்ந்தனான். டீச்சருக்கு ஒண்டும் தெரியாது. அவவை ஒண்டும் கேக்காதேங்கோ."

சப்-இன்ஸ்பெக்டர் லீலா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? உங்களுக்குத் தெரியாதா?"

இராமச்சந்திரன் லீலாவையே பார்த்தார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது முகத்தில் எழுதியிருந்தது. யோகராணி மட்டும் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லீலாவின் தலை ஆடியது. தெரியாது என்று ஆடியது.

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? நூறு பேரு வந்து போற இடம்," என்றார் இராமச்சந்திரன், மூச்சு வந்தவராக. நூறு பேர் எங்கே வந்தார்கள், பன்னிரண்டு பேர்தானே என்று சப்-இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறும்போது யோகராணி சொன்னது ஒன்றுதான். "மிஷின்ல துணி அப்படியே கிடக்கு டீச்சர்."

லீலா உள்ளே போனாள். அந்த மிஷினில் பாதி ஏற்றிய சட்டைக் கை ஒன்று ஊசிக்கடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. உட்கார்ந்து மீதியைத் தைத்து முடித்தாள். பதினோரு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல் நேராகத்தான் வந்தது.

அன்றைக்கே ராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் மாறாட்டம் செய்தவள் என்பதால் காவல் போட்ட முகாம் ஒன்றில் வைத்திருப்பதாகப் பேச்சு. லீலா அழுவாள் என்று புருஷோத்தமன் எதிர்பார்த்தான். அவள் குழம்பு கொதித்ததும் இறக்கினாள், பிள்ளைகளுக்குப் போட்டாள், தானும் சாப்பிட்டாள். ருசி இருந்ததா என்று கேட்டால் தெரியாது. கெட்டுப்போயிருக்கவில்லை.

"நீ இன்னா பண்ண முடியும்?" என்றான் அவன். "அதுவே சொல்லிச்சு, நீ சொல்லல."

"ம்."

அதற்குப் பிறகு லீலாவுக்கு எதுவும் முழுசாக வந்து சேரவில்லை. பிள்ளைகள் சிரித்தால் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். ஜூலையில் அவளுடைய சொந்தச் சித்தப்பா செத்துப்போனார். தூக்கி வளர்த்தவர். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது நடுவில் உட்கார்ந்திருந்த லீலாவுக்கு, அந்த வீட்டு ஜன்னல் திரையின் கீழ்மடிப்பு கோணலாக இருப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருக்கவேண்டும் என்று தெரிந்தது. அதுவும் வரவில்லை.

ஆகஸ்டில் சான்றிதழ் வழங்கும் விழா. கம்பெனியின் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், ஷாமியானா, போட்டோகிராபர். அதற்கு இரண்டு நாள் முன்னால் கண்ணப்பன் வந்தான். ஆடிக்கு வந்த மகள் இன்னும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"எம்பொண்ணு பேருலதான சார் எல்லாம் கீது? மிஷின அதுக்கே குடுத்துடுங்க."

அச்சடித்த சான்றிதழ் ஒன்று இராமச்சந்திரனின் மேஜையில் காவேரி என்ற பெயரோடு கிடந்தது. பதினொன்று என்று ரிப்போர்ட் எழுதினால் மேலே விளக்கம் சொல்லவேண்டும். போலீஸ் விவகாரத்தை அந்த ரிப்போர்ட்டில் ஏற்ற யாருக்கும் ஆசையில்லை.

"என்னம்மா சொல்றீங்க?" என்று லீலாவைக் கேட்டார்.

"உங்க இஷ்டம் சார்."

காவேரி நல்ல பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை. விழா மேடையில் மிஷின் முன்னால் உட்காரச் சொன்னபோது பயந்துபோய், "டீச்சர், எனுக்கு ஒண்ணுமே தெரியாதே" என்றாள். லீலா அவள் கையைப் பிடித்து, துணியை எந்த இடத்தில் பிடித்தால் போட்டோவில் தைப்பதுபோலத் தெரியும் என்று காட்டிக்கொடுத்தாள். பதினோரு பெண்களும் கை தட்டினார்கள். லீலாவும் தட்டினாள். சிறந்த பயிற்சியாளர் என்று அவளுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

நவம்பரில் கடிதம் வந்தது. முகாமின் முத்திரை குத்தி, ஏற்கெனவே பிரித்து ஒட்டிய உறை.

"அன்புள்ள டீச்சருக்கு, நாங்கள் நலம். அம்மாவின் கை ஆறிவிட்டது. இங்கே உள்ளே தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கே படித்தாய் எண்டு கேட்கிறார்கள். சான்றிதழ் எனக்குக் கிடையாது எண்டு தெரியும், அதைக் கேட்கவில்லை. இவள் என்னிடம் தையல் படித்தவள் எண்டு உங்கட கையால் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் எண்டு இங்கத்தைய அதிகாரி சொல்லுகிறார். அவர் நல்லவர். உங்களுக்குக் கரைச்சல் வருமெண்டால் வேண்டாம். இப்படிக்கு, யோகராணி."

லீலா அதைப் புருஷனிடம் கொடுத்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கலாம். அவன் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான்.

"எய்து," என்றான். "ரெண்டு வரிதான? இன்னா ஆவும்? போலீசெல்லாம் அடங்கிப்போச்சு. பாவம், அந்தப் பொண்ணு உன்ன காப்பாத்திச்சு."

தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் ஒன்றை அவனே வாங்கிவந்து கொடுத்தான். லீலா விளக்கடியில் உட்கார்ந்து வெளிப்பக்கத்தில் முகாமின் விலாசத்தை எழுதினாள். எழுத்து அழகாக இருந்தது. பிறகு திருப்பி வைத்துக்கொண்டு பேனாவோடு இருந்தாள்.

பயந்தாள் என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் கௌரவம். பயம் இல்லை. யாரும் தடுக்கவுமில்லை. இவள் என்னிடம் படித்தவள் என்று எழுத வேண்டுமானால், ஜூன் மாதம் அந்த அறையில் தெரியாது என்று ஆட்டிய தலையை ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்கவேண்டும். அந்தப் பக்கம் மனசைத் திருப்பினால் அங்கே ஒன்றும் இல்லை, மரத்துப்போன கால் மாதிரி கனம் மட்டும் இருந்தது. நாளைக்கு எழுதலாம் என்று மிஷின் டிராயரில் வைத்தாள். நாளைக்கும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக் கங்கா, தம்பி கல்யாணத்துக்கு பிளவுஸ் தைக்கவேண்டும் என்று வந்தாள். லீலா நாடாவை எடுத்து அளந்தாள். குறித்துக்கொள்ளக் காகிதம் தேடி டிராயருக்குள் கையை விட, அந்த இன்லண்ட் லெட்டர் கைக்கு வந்தது. உள்பக்கம் ஒன்றும் எழுதாமல் கிடந்தது.

உயரம் பதினான்கு, மார்பு முப்பத்தாறு, கை ஒன்பது என்று லீலா அதில் எழுதிக்கொண்டாள்.