கிறிஸ்துதாஸின் வலது முழங்கால்

ஏற்காட்டுக்காரரான கிறிஸ்துதாஸ், கல்கத்தாவில் ஒரு கிளப்புக்காகச் சம்பளம் வாங்கிக் கால்பந்து விளையாடியவர். அவர் பெயர் பேப்பரில் வந்தால் இங்கே டீக்கடைகளில் சத்தம் போட்டுப் படிப்பார்கள். எழுபத்தெட்டில் ஒரு இறுதி ஆட்டத்துக்கு முன்னால் வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. டாக்டர் ஓய்வு என்றார், கிளப்காரர்கள் ஊசி என்றார்கள். இவருக்கும் ஊசிதான் பிடித்தது. ஆடினார், ஜெயித்தார், அதோடு கால் போயிற்று. கிளப் ஒரு மாலையைப் போட்டு ரயிலேற்றிவிட்டது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

சேர்த்து வைத்ததைக் கொண்டு ஒரு ஜீப் வாங்கி, மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஆளேற்றி ஓட்டினார். மலை ஜீப்பில் டிரைவருக்கு வலப்பக்கமும் ஒருவர் ஒண்டிக்கொள்வது வழக்கம். மற்ற ஜீப்பில் அது இடம் கிடைக்காதவன் இடம். இவர் ஜீப்பில், கோல் போட்ட அந்தக் காலை ஒட்டி உட்காரலாம் என்பதால், அது சிம்மாசனம். அதற்காகவே முன்னால் வந்த ஜீப்பை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அவரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இடிபட்டு இடிபட்டுச் சாயங்காலம் ஆனால் முழங்கால் மடங்காது. மனைவி இன்பமேரி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, ஒரு டிரைவரைப் போடுங்கள் என்று மன்றாடுவாள். வேறு ஆள் ஓட்டினால் யார் ஏறுவார்கள் என்பார். தொழில் பயம் பாதி, வீம்பு மீதி.

எண்பத்தாறில் ஒரு மழைக்காலக் காலை, இறக்கத்தில் வளைவு வந்தது. பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கியபோது, அது பக்கத்து ஆளின் தொடையில் இடித்து அப்படியே பூட்டிக்கொண்டது. ஜீப்பை மேட்டுப்பக்கம் ஒடித்துக் காப்பிச் செடிக்குள் விட்டார். பூவாயி என்ற கிழவிக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரே முடிவு கட்டியது. முந்தின நாள் அந்தப் பிரேக்கைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக் மாதப்பனின் பட்டறைக்கு அப்புறம் ஒரு வண்டியும் வரவில்லை. மாதப்பன் வந்து சண்டை போட்டிருந்தால்கூட கிறிஸ்துதாஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் வரவே இல்லை. இவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் தன் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் மாதப்பன் பிழைப்பு போகும்.

ஜீப் சரியாகி வந்த அன்று மாதப்பனையும் கூட்டிக்கொண்டு மஞ்சக்குட்டை ஸ்டாண்டுக்குப் போனார். அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டவர்கள் எதிரில் நின்றார்.

"பிரேக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. எங்காலுதான் எந்திரிக்கல. தப்பு என்னுதுங்க."

கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பூவாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்தவன் பழியத் தன் தலையில போட்டுக்கறயே, நொம்பப் பெரிய மனசு சாமி உனக்கு. ஏறு, போலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வலப்பக்க இடத்துக்கு இரண்டு பேர் தள்ளுமுள்ளு வேறு. கிறிஸ்துதாஸுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாவியை மாதப்பன் கையில் வைத்து, இனிமேல் இவன்தான் ஓட்டுவான் என்றார்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பூவாயி மாதப்பனைப் பார்த்துக் காறித் துப்பினாள். மாதப்பன் ஓட்ட, கிறிஸ்துதாஸ் காலை நீட்டி இடப்பக்கம் உட்கார்ந்துகொள்ள, ஜீப் காலியாகக் கிளம்பியது.