ஐந்தாம் கசற்றின் தங்கூசி முடிச்சு

நாற்பது வயதாகியும் நேசமலருக்கு ஒரு கொலைகாரனைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் பிறந்த வீட்டில் இது சின்ன விசயம் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் வலையும் வள்ளமுமாக இருந்த வீடு அது. அந்த வீட்டில் மீன் வெட்டத் தெரியாத பெண்ணைக்கூட மன்னிப்பார்கள். மர்மக்கதையில் ஆள் மாறிச் சொன்னவளை ஒரு கிழமைக்குப் பகிடி பண்ணுவார்கள்.

எல்லாம் அம்மா இரஞ்சிதத்தின் வேலை. மற்றப் பெண்கள் கருவாடு காயப்போட்டுவிட்டு ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருக்க, அவர் ஒரு கையில் காகம் கலைக்கும் தடியும் மறு கையில் கொலைக்கதைப் புத்தகமுமாக இருப்பார். புத்தகம் கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை விசித்திரமானது. கடைசி அத்தியாயத்தின் பக்கங்களை ஒன்றாகப் பிடித்து, வலை பொத்தும் தங்கூசி நூலால் தைத்துவிடுவார். தானும் எட்டிப் பார்க்க மாட்டார். பிறகு பின்னேரங்களில் வீட்டாரை இருத்திச் சத்தமாக வாசிப்பார். கதவு தட்டும் இடம் வந்தால் மேசையைத் தட்டுவார். குதிரை வந்தால் இரண்டு சிரட்டையைக் கொட்டுவார். தையல் போட்ட இடத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒவ்வொருவராக அவர் காதுக்குள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளேட்டால் நூலை வெட்டுவார்.

நேசமலர் சொன்ன பெயர் ஒருநாளும் சரிவந்ததில்லை. ஒருமுறை துப்பறிபவரையே கொலைகாரன் என்று சொல்லிவிட்டாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்துவிட்டார்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து அந்தக் கரையை விட்டு ஓடியபோது புத்தகங்கள் அலுமாரியோடு போயின. இடம் மாறி மாறிக் கடைசியில் துணுக்காய்ப் பக்கம் ஒரு கொட்டில் போட்டார்கள். நேசமலர் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு தையல் மிசினை மிதித்தாள். அவள் புருசன் சூசைப்பிள்ளை கடலில் போன மனிசன், இப்போது குளத்தில் வலை போட்டுக்கொண்டு, 'இதெல்லாம் ஒரு மீனோ' என்று முகத்தைச் சுளித்தான். அம்மாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. தொண்ணூற்றேழில், எல்லை தாண்ட அனுமதிக்கும் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்க் கண்ணை வெட்டி வெள்ளையை எடுப்பித்தார். சண்டையில் பாதை அடைபட்டது. அங்கேயே நேசமலரின் தங்கை ராஜினியின் வீட்டில் நின்றுவிட்டார்.

கண் தெளிந்த மனிசி சும்மா இருப்பாரா? ராஜினி வீட்டில் கரண்ட் இருந்தது, ரேப் றெக்கோடர் இருந்தது, பக்கத்தில் நூலகம் இருந்தது. அடுத்த வருசம், காட்டுப்பாதையால் அங்கும் இங்கும் சாமான் கொண்டு திரியும் வீரகத்தி நேசமலரிடம் ஒரு கசற்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"கொம்மா தந்துவிட்டவா. கொலைக்கதையாம். அஞ்சு கசற்றாம், ஒண்டொண்டா வருமாம்."

பற்றரி கண்ணால் காணமுடியாத காலம். சூசைப்பிள்ளை சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ரேப் றெக்கோடரில் கொழுவினான். அவன் ஏறி மிதிக்க அம்மா பேசினார். வேகமாக மிதித்தால் அம்மா குருவிக்குரலில் கீச்சிட்டார், மெதுவாக மிதித்தால் ஆம்பிளைக்குரலில் உறுமினார். அளவாக மிதிக்கப் பழகச் சூசைப்பிள்ளைக்கு இரண்டு நாள் பிடித்தது. பக்கத்துக் காணியில் கச்சான் கடலை போட்டிருந்த மலையகத்துச் சிவலட்சுமியும் கேட்க வந்தாள்.

கதை ஒரு மலைப் பங்களாவில் நடந்தது. பணக்காரக் கிழவர் ஒருவர் பூட்டிய அறைக்குள் நஞ்சுண்டு கிடக்கிறார். வீட்டில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு தோட்டக்காரன், ஒரு மருமகள். முதல் கசற் முடிந்த அன்றே சிவலட்சுமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அந்த மருமகளப் பாத்தா எனக்குச் சரியாப் படல அக்கா."

"முதல் கசற்றிலையே ஆள் பிடிபட்டால் அது என்ன கதை? பொறு" என்றாள் நேசமலர்.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை. ஆமியின் சோதனைச் சாவடியில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சரியாக, எத்தனை துளி நஞ்சு விட்டால் ஆள் சாவான் என்று அம்மா விளக்கிக்கொண்டிருந்த இடம் பேசியிருக்கிறது. வீரகத்தியை அரைநாள் இருத்தி வைத்துவிட்டுக் கசற்றைப் பறித்துக்கொண்டார்கள்.

"கொம்மாவாலை நான் உள்ளுக்குப் போகப் பாத்தன்" என்று அந்த மனுசன் ஒரு மாதம் முணுமுணுத்தார்.

நாலாவதைப் போட்டபோது நேசமலருக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. தோட்டக்காரன் எப்போதோ செத்துப்போயிருந்தான். சுமதி என்று யாரோ ஒருத்தி அறைக்கதவுகளைத் திறக்கும் திறப்புக்கோர்வையோடு வீடு முழுக்கத் திரிந்தாள். அவள் யார், எங்கிருந்து வந்தாள்? போதாததற்குக் கசற் இழுத்து இழுத்துப் பேசியது. ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு துணியை அளந்து வெட்டிவிடலாம்.

"இஞ்சேருங்கோ, ஒழுங்கா மிதியுங்கோவன். அம்மா நித்திரை கொள்ளுறமாதிரிக் கேக்குது."

"நான் ஒரே அளவாத்தான் மிதிக்கிறன்" என்றான் சூசைப்பிள்ளை.

"எங்கை ஒரே அளவு? குளத்து மீன் திண்டு கால் சோர்ந்துபோச்சு உங்களுக்கு."

அவன் கோபித்துக்கொண்டு இன்னும் உன்னி மிதித்தான். அம்மாவின் குரல் மெலிந்து கீச்சென்றதே தவிர இடைவெளிகள் போகவில்லை. நடுவில், கொலை நடந்த இரவு டாக்டர் கிழவரின் அறைக்குள் போனதைச் சொல்லும் இடத்தில் ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடிக் கிளாசுக்குள் கரண்டி சுற்றும் சத்தம். கலங், கலங். நேசமலர் மிசினை நிற்பாட்டிவிட்டு நிமிர்ந்தாள். அம்மா சும்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. கதவுக்கு மேசை, குதிரைக்குச் சிரட்டை. அப்படியென்றால் நஞ்சுக்குக் கரண்டி. டாக்டர்தான் கலக்குகிறான்!

ஆனால் மூன்றாவதைக் கேட்காமல் எதை உறுதியாகச் சொல்வது? அதைத் திரும்ப வாசித்து அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதினாள். பதில் ராஜினியின் கையெழுத்தில் வந்தது.

'அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். குறுக்குவழி கிடையாதாம். நாலாவதுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறதாம். ஐந்தைக் கட்டி வைத்திருக்கிறா. நீ ஆளின் பெயரை எழுதி அனுப்பினால் பிறகு அனுப்புவாவாம்.'

புத்தகம் வாசிக்கக் கண் இருக்கிற அம்மாவுக்குக் கடிதம் எழுத ஏன் இன்னொருத்தி? அந்தக் கேள்வி அவளுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எழுதச் சோம்பலாக, பஞ்சியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு யோசனை. இந்த ஒருமுறையாவது சரியாகச் சொல்லி அம்மாவின் வாயால் 'கெட்டிக்காரி' என்று கேட்டுவிட வேண்டும். அதனால் அவசரப்படாமல் இருந்தாள். டாக்டர் என்று எழுதினாள், கிழித்தாள். வக்கீல் என்று எழுதினாள், அதையும் கிழித்தாள். ஒரு கடதாசியை எடுத்து நாலு பேரின் பெயரையும் போட்டு, யார் எப்போது எங்கே நின்றது என்று கோடு கீறிப் பார்த்தாள். கோடுகள் எல்லாம் சுமதியிடம் போய்ச் சிக்கிக்கொண்டன. இப்படியே மூன்று மாதம் போனது.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் பங்குப் பாதர் வவுனியாவுக்குப் போய் வந்தார். நேராகக் கொட்டிலுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"நேசமலர், அம்மா காலமாகிட்டா. அடக்கம் பண்ணிப் பத்து நாள். இருதயத்திலை வருத்தமாம், ஒரு வருசமா மருந்து எடுத்தவாவாம். இதை உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி ராஜினி தந்தவா."

கையில் ஐந்தாம் கசற். அதன் இரண்டு ஓட்டைகளுக்கும் ஊடாகத் தங்கூசி கோத்து, இழுத்து, அம்மாவின் கையால் போட்ட வலைமுடிச்சு.

நேசமலர் அழுதாள். ஆனால் அழுகையை விட அவளுக்கு விளங்காத்தனம்தான் கூட இருந்தது. ஒரு வருசமாக வருத்தம் என்றால் தனக்கு ஏன் தெரியவில்லை? அம்மாவின் குரலை மாதக்கணக்காகக் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் அல்லவா அவள்? தெரிந்திருந்தால் காலில் விழுந்தாவது பாஸ் எடுத்துப் போயிருப்பாளே. ராஜினி மேல் கோபம் வந்தது. பிறகு பாதரிடம் கோபம் வந்தது, அவர் என்ன செய்வார் பாவம்.

கசற் மாதா படத்தின் கீழ் கட்டியபடியே கிடந்தது. பெயரை யார் காதில் சொல்வது? சொல்லாமல் வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. வெட்டிக் கேட்டுவிட்டால் அதோடு அம்மா முடிந்துவிடுவார் என்றும் பயமாக இருந்தது. ஆனால் மாரி வந்ததும் இரண்டாம் கசற்றில் பூஞ்சணம் பிடித்தது. போட்டுப் பார்த்தபோது ரேப் றெக்கோடர் அதை மென்று வெளியே தள்ளியது. அன்று நேசமலர் கலங்கிப்போனாள். ஐந்துக்கும் இந்தக் கதி வந்தால் அம்மாவின் கடைசிச் சொல்லும் போய்விடும்.

"டைனமோவிலை போட வேண்டாம், பாதரின்ரை மிசன் வீட்டிலை சோலார் இருக்கு. பாதரிட்டைக் கேப்பம்" என்றான் சூசைப்பிள்ளை.

மழை விட்ட ஒரு காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். தான் வாசலில் நின்றுகொண்டான்.

நேசமலர் முதலில் நாலைத்தான் போட்டாள். கடைசியாக ஒருமுறை யோசித்துவிட்டுப் பெயரைச் சொல்லலாம் என்று. மிதிக்க ஆள் இல்லாமல், ஏறாமல் இறங்காமல் ஓடியது கசற். அம்மா அதே மாதிரித்தான் இழுத்து இழுத்துப் பேசினார். அதே இடைவெளிகள்.

"பாதர், உங்கடை சோலாரும் இறங்கிட்டுதோ?"

"இல்லையே" என்று சொல்லிப் பாதர் தன்னுடைய பாட்டுக் கசற் ஒன்றைப் போட்டார். அது கணீரென்று பாடியது. எடுத்துவிட்டுத் திரும்ப அம்மாவைப் போட்டார். அம்மா ஒரு வசனம் சொல்லிவிட்டு நின்றார். அந்த இடைவெளிக்குள், டைனமோவின் இரைச்சலில் ஒருநாளும் கேட்காத ஒன்று இப்போது கேட்டது. மூச்சு. படியேறிக் களைத்த ஆள் மாதிரி ஒரு மூச்சு.

நேசமலர் கசற்றை நிற்பாட்டினாள். அவள் ஐந்தாவதை எடுத்து, வாயருகே கொண்டுபோய், "டொக்டர்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு பிளேட்டால் நூலை வெட்டினாள்.

முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அம்மா, புத்தகக் குரலில் இல்லாமல் வீட்டுக் குரலில் வந்தார்.

"மகள், ஆளைச் சொல்லிப்போட்டுத்தானே வெட்டினனி? சரி... டொக்டர் எண்டுதானே சொன்னனி? எனக்குத் தெரியும். நாலாவதிலை கரண்டிச் சத்தம் கேட்டிருப்பாய்." ஒரு மூச்சு. "பிழை. அது கதையிலை இல்லை பிள்ளை. நான் மருந்து கரைச்ச சத்தம். ராஜினி அழிச்சிட்டு வாசிக்கச் சொன்னவள். நான்தான் விட்டிட்டன். நீ எதையாவது கண்டுபிடிக்கிறியோ எண்டு பாத்தன்." சிரிப்பு, பிறகு இருமல். "பிடிக்காட்டியும் நல்லதுதான். பிடிச்சிருந்தால் பாசுக்கு அலைஞ்சிருப்பாய், பிள்ளையளை விட்டிட்டு அந்தக் காட்டுப்பாதையாலை வந்திருப்பாய். சரி, கதையைக் கேள்."

கதையை அம்மா முழுதாக வாசித்தார். நின்று நின்று, ஒரு பக்கத்தையும் விடாமல். கொலைகாரி மருமகள்தான். கல்யாணத்துக்கு முதல் அவளுடைய பெயர் சுமதி. மூன்றாவதில் அதைச் சொல்லியிருப்பார்கள் போல.

பாதர் எப்போது எழுந்து வெளியே போனார் என்று நேசமலருக்குத் தெரியாது. கசற் தானாக நின்றது. வெட்டிய தங்கூசியைத் தேடி எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

சூசைப்பிள்ளை சைக்கிளைத் திருப்பினான். அவள் பின்னால் ஏறினாள். பள்ளங்களில் தண்ணீர் நின்ற பாதையில் பார்த்துப் பார்த்து மிதித்தான். கன தூரம் போனபிறகு கேட்டான்.

"என்ன, ஆளைச் சொல்லன். ஆர் செய்தது?"

நேசமலர் அவன் முதுகில் நெற்றியை வைத்தாள்.

"நீங்கள் ஒரே அளவாத்தான் மிதிச்சனீங்கள்" என்றாள்.