பாசிப்பச்சையும் பழுப்பும்

பூமாலையின் அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். அவள் சின்னசேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்வராயன் மலை ஊர்களுக்கு மருத்துவ வேன் அனுப்புகிற நிறுவனம் அது. எந்த ஊரில் எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் எத்தனை பேருக்கு ரத்தப் பரிசோதனை முடிந்தது என்று வாராவாரம் வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. கர்ப்பிணிகள் எத்தனை பேரோ அத்தனை நீளத்தில் ஊருக்கு ஒரு பட்டை. பரிசோதனை முடிந்தவர்கள் அடர் நீலம், பாக்கி இருப்பவர்கள் பளீர் மஞ்சள். தலைப்பு ராணி கலர். பன்னிரண்டு வருடம் அந்தப் படங்களை யாரும் குறை சொன்னதில்லை.

போன தை மாதம் தேவிப்ரியா வந்தாள். திருக்கோவிலூர்ப் பெண். புள்ளியியல் படித்தவள், இருபத்து நான்கு வயது. வந்த இரண்டாம் வாரமே வரைபட வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"கலர் கண்ணைக் குத்துனா நம்பர் யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பூமாலைக்குச் சுருக்கென்றது.

ஒரு மத்தியானம் முழுக்க நிறம் தேர்ந்தெடுத்தாள் தேவிப்ரியா. ஒன்றை வைப்பாள், கொஞ்சம் மங்கலாக்குவாள், அச்செடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், தள்ளிவிடுவாள். கடைசியில் முடிந்தவர்களுக்குப் பாசிப்பச்சை, பாக்கிக்கு நனைந்த மண்போல ஒரு பழுப்பு. பின்னால் உட்கார்ந்து பூமாலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நிர்வாகி காசிநாதன் தாளைக் கையில் வாங்கி, "கண்ணுக்கு எவ்ளோ குளிர்ச்சியா இருக்குது! இத்தினி வருசமா திருவிழா தோரணம் மாதிரி இன்னாத்தையோ பாத்துக்கினு இருந்தோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூமாலையும் சிரித்தாள்.

அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். வேனோடு மலைக்குப் போகிற நர்ஸ் இளமாறனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தான். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, கிண்டல் பண்ணுவாங்க" என்று கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்துதான் அவள் நீலத்தையும் மஞ்சளையும் மாற்றாமல் வைத்திருந்தாள்.

பேர் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். 'பச்சைக்குப் பதில் நீலம் போடு' என்றால் போதும். சொல்லவில்லை. "ரொம்ப நல்லாருக்குது" என்று மட்டும் தேவிப்ரியாவிடம் சொன்னாள். உள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பார்க்கலாம், இவள் படம் என்ன ஆகிறதென்று.

எந்த ஊருக்கு வேன் போவது என்பதை இளமாறன்தான் அந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்வான். அவன் கண்ணுக்கு ஒவ்வொரு பட்டையும் ஒரே நிறமாகத் தெரிந்தது. கேட்கக் கூச்சப்பட்டு, நீளமான பட்டை உள்ள ஈச்சங்காட்டுக்கு வேனை விடச் சொன்னான். அங்கே ஏறக்குறைய எல்லோருக்கும் பரிசோதனை முடிந்திருந்தது. ஒருவருக்குக்கூட முடியாத கருங்குட்டையில் பதினோரு பெண்கள் வேன் தங்கள் ஊருக்குத்தான் வரும் என்று நம்பி வெயிலில் ரோட்டோரம் காத்திருந்தார்கள். மூன்று மணிக்குமேல் வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது நிர்மலா என்ற எட்டு மாதக் கர்ப்பிணி மயங்கி விழுந்தாள். யாருடைய ஜீப்பிலோ கீழே கொண்டுவந்தார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வந்தது. தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை, ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார்கள். காசிநாதன் இளமாறனை நிற்க வைத்துத் திட்டினார். "படத்தைப் பாக்கத் தெரியாதாடா உனக்கு?" அவன் பூமாலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

வராந்தாவில் அவனைப் பிடித்து, "நான் சொல்லியிருக்கணும்டா. வேணும்னுதான் சொல்லல" என்றாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் பத்து நாள் அவளோடு பேசவே இல்லை.

உள்ளே வந்து தேவிப்ரியாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பச்சைய எடுத்துட்டு நீலம் போடு. சில பேரு கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத் தெரியும்."

தேவிப்ரியாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்களுக்கு முன்னயே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உன்மேல பொறாமை. வேற இன்னா?"

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு மங்கிய நீலத்தை வைத்தாள். பாக்கிக்குக் கடுகு மஞ்சள். இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருந்தன. "மஞ்சள இன்னும் வெளுப்பா வை. ஒண்ணு அழுத்தம், ஒண்ணு வெளுப்புன்னு இருந்தா கறுப்பு வெள்ளையில அச்சடிச்சாக்கூடத் தெரியும்" என்றாள் பூமாலை. மாலையில் இளமாறன் வந்ததும் தேவிப்ரியா தாளை நீட்டினாள். கருங்குட்டையில் விரலை வைத்து, "நாளைக்கு இங்கதான்" என்று அவளிடம் சொன்னான்.

அடுத்த கூட்டத்தில் காசிநாதன் மறுபடியும் தேவிப்ரியாவைப் பாராட்டினார். அவள் எழுந்து நின்று, "நீலம் வைக்கச் சொன்னது பூமாலைக்கா சார்" என்றாள். பூமாலை பொறாமைப்பட்டதைப் பற்றி அங்கே மட்டுமல்ல, வேறு எங்கும் தேவிப்ரியா வாய் திறக்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். பூமாலை தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பெருந்தன்மைகூட தேவிப்ரியாவுக்குத்தானே வருகிறது என்று அப்போதும் அவள் மனசு எரிந்தது.