கூர்முனைக் குண்டுகள்

காட்டுப்பன்றிகள் நிலக்கடலைக் காட்டை உழுதுபோட்ட அந்த வாரத்தில், எங்கள் பீளமேட்டு வீட்டில் எவரும் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. அன்னூருக்கு வடக்கே இருந்த தோட்டத்திலிருந்து தினமும் ஓர் ஆள் வந்து சேதத்தைச் சொல்லிப்போவான். அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். எட்டு வயதான நான், காரணம் தெரியாமலே, அவர் பின்னால் அதே தூரத்தை நடந்தேன்.

பெரியப்பா இறந்தபின் அவருடைய இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றைத்தான் பயிர்க்காவல் உரிமத்தில் அப்பாவின் பெயருக்கு மாற்றித் தருவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒன்று சாதாரண இரட்டைக்குழல். மற்றது, மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுப்போன பழைய லீவர் ரைஃபிள். என் சுண்டுவிரல் நுழையுமளவு வாய் அகன்றது. விசையருகே இருந்த வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், கிளக்கென்று ஒரு தோட்டா மேலேறி வரும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டதும் அப்பாவின் தேர்வு முடிந்துவிட்டது.

"பன்னிய முடுக்கறதுக்கு இத்தாம்பெரிய குண்டு எதுக்குங்க? ரெட்டைக்குழலுக்கு கடையிலயே தோட்டா கெடைக்குதுங்களே" என்றாள் அம்மா.

"நாளைக்கு ஆனையே வந்தாலும் நிக்கோணுமல்லோ?"

எங்கள் தோட்டத்துக்கு யானை வந்ததே இல்லை. வரக்கூடும் என்பதிலேயே அப்பாவுக்கு ஒரு கௌரவம் இருந்தது.

ரைஃபிளுக்கு மிஞ்சியிருந்தவை ஆறே தோட்டாக்கள். அவற்றின் ஈயக்குண்டுகள் வெளுத்துப் பூத்திருந்தன. புதியவை எந்தக் கடைக்கும் வருவதில்லை. இந்த நெருக்கடியில்தான், கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, வந்து சேர்ந்தார்.

"கோயமுத்தூர்ல கடைய முடியாததுன்னு ஒண்ணு இருக்குதுங்களா மச்சான்?"

மூன்றே நாளில் பழைய குண்டுகளைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் ஆறு புதிய குண்டுகள் பொருத்திக் கொண்டுவந்தார். பழையவை தட்டைத் தலையுடன் மழுங்கியிருந்தன. புதியவை கோபுரக் கலசம்போல் கூராக மின்னின.

"வெள்ளைக்காரனுக்குக் கூரெடுக்கத் தெரியலை போலிருக்குதுங்க. நம்ம லேத்துல அந்தக் கொறை இல்லீங்க."

அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. ஆறையும் அப்போதே துப்பாக்கிக்குள் செலுத்தினார். நான்கு மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஏன்டா, இது உள்ள எப்படி நிக்கும்? பக்கத்துல பக்கத்துலயா?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, அக்கா. குழலுக்கு அடியில இருக்கற குழாய் நெடுக."

"முன்னால நிக்கற தோட்டாவுக்குத் தீப்பிடிக்கற எடம் அதோட அடியிலதான?"

"ஆமா."

"ஏனுங்க, வெடிச்சா துப்பாக்கி குலுங்குமுங்களா?"

"தோளையே பேத்துப்போடும்!" என்றார் அப்பா, பெருமையாக.

அம்மா நேராக என் பள்ளிப்பையைத் திறந்து, அடியில் ரப்பர் பதித்த என் புதுப் பென்சில்களை எடுத்தாள். அன்று காலைதான் அவற்றைச் சீவியிருந்தேன். அடுப்படியிலிருந்து ஊதாங்குழலைக் கொண்டுவந்து, ஒன்றன் கூர்முனை அடுத்ததன் ரப்பரில் படும்படி வரிசையாக உள்ளே விட்டாள். குழல் முனையைத் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு எல்லாவற்றையும் பாயில் கொட்டினாள்.

ரப்பர்களில் கரும்புள்ளியாகத் துளை விழுந்திருந்தது. ஒன்றில் முறிந்த கூர் உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தது.

"தோட்டாவுல இந்த எடத்துலதானுங்க தீ இருக்குது."

மாமா அந்தப் பென்சிலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்காரன் ஏன் மழுங்க விட்டான் என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம் என் பென்சில்கள் போயின என்பதுதான். குரலெடுத்து அழுதேன்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் அப்பா. அத்தனை தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

குழாய்க்குள் போன தோட்டாக்களை வெளியே எடுக்க வேறு வழியில்லை. அதே வளையத்தைத் தள்ளி இழுத்து, ஒவ்வொன்றாக அசைத்துத்தான் எடுத்தாக வேண்டும். ஒவ்வோர் அசைவிலும் ஒரு கூர்முனை அடுத்த தோட்டாவின் அடியில் குத்திவிடலாம். இதெல்லாம் பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவை.

மாமா என்னை வாசலைத் தாண்டித் தெருவரை இழுத்துச் சென்றார். அம்மா வரவில்லை.

"புது டப்பா பென்சில் வேணும் மாமா."

"ரெண்டு டப்பா வாங்கித்தாரேன் அம்மணி, சும்மா இரு."

உள்ளிருந்து கிளக்கென்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி கிளக். ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமாவின் பிடி இறுகியது. ஆறு எண்ணி முடித்த பிறகுதான் கை வலிக்கிறது என்று சொன்னேன்.

கதவு திறந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார், அந்த வாரத்தில் முதன்முறையாக. அவர் பின்னால் அம்மா, முந்தானையில் ஆறு தோட்டாக்களையும் ஏந்தியபடி நின்றாள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டது அவள்தான்.

நான் அவளுடன் இரண்டு நாள் பேசவில்லை. எல்லாரையும் அப்பா வெளியே போகச் சொன்னபோது அவள் மட்டும் உள்ளே நின்றது, அப்பாவிடம் இன்னும் நாலு வார்த்தை சண்டை போடத்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.