ஒரே காப்பீடு, இரண்டு உடம்பு

ஆர்டிஸும் லேலண்டும் எதையும் சேர்ந்தே செய்பவர்கள். ஒரே வங்கிக் கணக்கு, சர்ச்சில் ஒரே பெஞ்சு. மருந்துக் காப்பீட்டையும் அப்படித்தான் எடுத்தார்கள். எங்கள் அயோவா ஊரில் வயதான தம்பதிகள் பலரும் செய்வதுதான் இது. ஆண்டுக்கொருமுறை திட்டம் மாற்ற விடும் நவம்பர் வந்தால் லேலண்ட் தன் ரத்த அழுத்த மாத்திரைக்கு எந்தத் திட்டம் மலிவு என்று பார்த்துச் சேருவார்; மனைவியையும் அதிலேயே சேர்த்துவிடுவார்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்டிஸுக்கு நுரையீரல் கோளாறு. இன்ஹேலர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. இந்த ஜனவரியில் மருந்துக்கடைப் பெண் கையை விரித்துவிட்டாள். புதுத் திட்டத்தின் பட்டியலில் அந்த இன்ஹேலரே இல்லை. கைக்காசு போட்டு வாங்கக் கட்டுப்படியாகாது. அடுத்த நவம்பர் வரை திட்டத்தை மாற்றவும் வழியில்லை. வீட்டில் இருந்ததோ தீரும் நிலை.

பக்கத்து வீட்டுக்காரியான நான் போனபோது, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆர்டிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் காத்திருக்கச் சொல்லிப் பியானோ இசையை ஓடவிட்டிருந்தார்கள்.

"வாசிச்சே கொல்றானுங்க. வை போனை" என்றார் லேலண்ட்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணேன்னு சேத்துவிட்டது யாரு?"

"எனக்கு மாத்திரை சும்மா கிடைக்குதே!"

"உங்க மாத்திரைய மோந்து பாத்தா எனக்கு மூச்சு வந்துடுமா?"

அதற்குமுன் பேசியவர்கள் எல்லோரும் வேறொரு எண்ணுக்குத் தள்ளிவிட்டவர்கள். இப்போது எடுத்தவள் தன் பெயர் ரெனிட்டா என்றாள். ஆர்டிஸ் அவளிடம் முதலில் கேட்டது, "உங்க ஊர்ல பனி எப்படிம்மா?"

அவள் சிரித்தாள். இன்ஹேலர் விவரத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "உண்மையச் சொல்லிடறேன் மேடம். சரின்னு சொல்ற அதிகாரம் எனக்கில்ல. பட்டியல்ல இல்லாட்டியும் குடுங்கன்னு உங்க டாக்டர் விதிவிலக்கு கேக்கணும். அவசரம்னு போட்டா நாளைக்குள்ள பதில் வரணும். குடுத்தாலும் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். லைன்லயே இருங்க, டாக்டர் ஆபீஸ நானே கூப்பிடறேன்."

டாக்டரின் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். ரெனிட்டா இணைப்பை வெட்டவில்லை. ஆர்டிஸின் கை சீவுவதை நிறுத்திவிட்டது. முகமே தெரியாத ஒருத்தி, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்கும் ஒரு கிழவியோடு சேர்ந்து காத்திருந்தாள். நர்ஸ் வந்து விவரம் வாங்கி, டாக்டரின் கோரிக்கை போனபிறகுதான் அவள் விடைபெற்றாள்.

மறுநாள் அனுமதி வந்தது. அவள் சொன்னதுபோலவே விலை கூடத்தான்.

என்னோடு மருந்துக்கடைக்குப் போய்வந்து, கோட்டைக் கழற்றாமலே இன்ஹேலரை இழுத்தார் ஆர்டிஸ். மருந்து உள்ளே தங்க மூச்சைப் பிடித்திருந்த அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரல்: எங்கள் காப்பீட்டில் உங்கள் திருப்திக்குச் சைபரிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்துங்கள்.

"சைபர் போடு!" என்றார் லேலண்ட்.

ஆர்டிஸ் ஒன்றை அழுத்தினார்.

"ஒண்ணா? சரி, அதுவும் நல்லாத்தான் இருக்கு!"

உடனே பக்கத்தில் ஒரு சைபரையும் அழுத்தினார். நான் திகைத்துப் பார்த்தேன். பட்டியலில் மருந்தையே வைக்காத கம்பெனிக்கா பத்து?

மெதுவாக மூச்சை விட்டுவிட்டு ஆர்டிஸ் சொன்னார்: "என்ன நடக்கும்னு ஒருத்தி சொன்னா. அப்படியே நடந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"